எஃகும் ஹைட்ரஜனும்

மூலகங்கள் அனைத்திலும் எடை குறைந்தது ஹைட்ரஜன். ஒரு புரோட்டான், ஒரு எலெக்ட்ரான்; அவ்வளவுதான் அதன் உடைமை. எஃகோ பாலத்தைத் தாங்குவது, கப்பலுக்கு உடலாவது, கட்டடத்துக்கு எலும்பாவது. உறுதிக்கு உவமை சொல்ல வேண்டுமானால் நாம் தேடிச் செல்வது எஃகைத்தான். இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தினால் ஹைட்ரஜன் வெல்லும் என்று யாரும் எண்ணமாட்டார்கள். ஆயினும் ஒரு கிலோகிராம் எஃகினுள் ஒரு மில்லிகிராம் ஹைட்ரஜன் புகுந்தாற் போதும். மிக உறுதியான எஃகு வகைகள் சில, வளையாமல், நீளாமல், முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல் படீரென்று முறிந்துவிடும். ஒரு மில்லிகிராம் என்பது ஏறத்தாழப் பதினெண்ணாயிரம் இரும்பணுக்களுக்கு ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு என்ற கணக்காகும். இந்தக் கேட்டினை ‘ஹைட்ரஜன் நொறுங்குமை’ எனலாம். விடுதி நண்பர்கள் பலர், “உன் ஆராய்ச்சி எதைப் பற்றியது?” என்று கேட்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் சொல்லி முடிக்கக் கூடிய செய்தியாக அஃது இல்லை. ஆகவே இங்கே எழுத முற்பட்டேன்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஹைட்ரஜனை நீரகம் என்றும் நீரியம் என்றும் எழுதுவோர் உளர். நல்ல சொற்களே. ஆனால் நம்மிற் பெரும்பாலோர் ஹைட்ரஜன் என்றே படித்து வந்தவர்கள். பெயரை மொழிபெயர்ப்பதில் கவனம் சென்று பொருளை விட்டுவிடக் கூடாதென்று நான் ஹைட்ரஜன் என்றே எழுதுகிறேன்.

இக்கேட்டை முதன்முதலில் விளங்க எடுத்துரைத்தவர் ஜான்சன் என்னும் ஆங்கிலேயர். இலண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் 1875இல் அவருடைய கட்டுரை வெளிவந்தது. இரும்புக் கம்பியைச் சில நிமிடங்கள் அமிலத்தில் தோய்த்து எடுத்து வளைத்தால், முன்பு எளிதில் வளைந்த அதே கம்பி முறிந்து போவதை அவர் கண்டார். முறிந்த முகத்தை ஈரப்படுத்தியபோது அதிலிருந்து நுரை கிளம்பிற்று. அதாவது கம்பியினுள்ளே வாயு குடியிருந்தது. இதைவிட வியப்பானது, கம்பியைச் சிலநாள் சும்மா வைத்திருந்தால் பழைய தன்மை திரும்பி வந்தது. சூடாக்கினால் இன்னும் விரைவில் வந்தது. அமிலம் இரும்பை அரித்ததால் வந்த கேடாக இருந்தால் அது தானே ஆறியிருக்க முடியாதன்றோ? உள்ளே புகுந்த ஹைட்ரஜன் மெல்ல வெளியேறிவிட்டது என்பதே இதற்கு விளக்கம். மின்னணு நுண்ணோக்கி இல்லாத காலத்தில், ஒரு கம்பி, ஒரு கிண்ணம் அமிலம், கொஞ்சம் தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டு எட்டிய முடிவு இது. இன்றும் இத்துறையில் எழுதுவோர் அவரைக் குறிப்பிடாமல் தொடங்குவது அரிது.

வாயு எவ்வாறு திண்ணிய உலோகத்தில் நுழைகிறது? ஹைட்ரஜன் வாயுவில் அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து மூலக்கூறுகளாக உள்ளன. அந்த இரட்டைகள் எஃகினுள் நுழைய முடியா. கைவிட்டுப் பிரிந்த தனி அணுவோ மிகச் சிறியது. இரும்பணுக்களுக்கு இடையே உள்ள சந்துகளிற் புகுந்துவிடும். எனவே தனி அணுக்கள் எங்கே பிறக்கின்றனவோ அங்கெல்லாம் ஆபத்து உண்டு. அமிலத்தில் தோய்க்கும்போது, துத்தநாகமோ குரோமியமோ மின்முலாம் பூசும்போது, ஈரத்தில் அரிப்பு நடக்கும்போது, வெல்டிங் செய்யுமிடத்தில் ஈரம் இருக்கும்போது அவை பிறக்கின்றன. நல்ல பட்டறைகளில் சிலவகை வெல்டிங் ராடுகளைப் பயன்படுத்துவதற்கு முன் சூட்டடுப்பில் வைத்துக் காயவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ராடின் மேற்பூச்சில் ஒட்டியுள்ள ஈரமே பின்னர் ஹைட்ரஜனாகி, ஒட்டு வைத்து ஓரிரு நாள் கழித்து விரிசலாக வெளிப்படும். அவ்வாறு காயவைப்பவருக்கு அணுக்கொள்கை தெரியாமல் இருக்கலாம்; செய்கை சரியானதே.

அழுத்தம் மிகுந்த ஹைட்ரஜன் வாயுவும், எஃகின் முகத்தில் ஒட்டும்போது பிரிந்து, அணு அணுவாக உள்ளே இறங்கும். இதற்கு ஒரு விதி உண்டு. ஜெர்மானிய வேதியியலார் சீவெர்ட்ஸ் பெயரால் வழங்குவது அது. கரையும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தத்தை நூறு மடங்காக்கினால் பத்து மடங்கு ஹைட்ரஜன் உட்செல்லும். ஒரு மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரிந்து கரைவதனாலேயே இந்த வர்க்கமூலம் வருகிறது.

உள்ளே புகுந்ததும் உடனே முறிவதில்லை என்பதுதான் பொறியியலாரை மிகவும் அலைக்கழிக்கும் செய்தி. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவையும் ஓக்லந்தையும் இணைக்கும் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதியில், நிலநடுக்கத்தைத் தாங்கும் உறுப்புகளை இறுக்கிப் பிடிப்பதற்கென 2008இல் செய்யப்பட்ட தடித்த எஃகுத் தண்டுகள் 96 இருந்தன. அவை ஆண்டுக்கணக்காகத் தம் குழிகளில் இறுக்கப்படாமலே நின்றன. 2013 மார்ச்சில் அவற்றை இழுத்து முடுக்கினார்கள். முடுக்கும்போது ஒன்றும் நிகழவில்லை. அதற்குப் பின், அந்த மாதத்திற்குள்ளேயே, 32 தண்டுகள் ஒவ்வொன்றாக முறிந்தன. பாலம் திறக்கும் நாள் நெருங்கிவிட்டிருந்தது. வேறோர் எஃகுப் பிடியை வடிவமைத்து அந்தத் தண்டுகளின் வேலையை அதற்கு மாற்ற வேண்டியதாயிற்று. தாங்கக்கூடிய சுமைதான் ஏற்றப்பட்டது. ஏற்றிய அன்று தாங்கவும் செய்தது. ஆனால் இழுவிசை எங்கே மிகுதியோ அங்கே ஹைட்ரஜன் அணுக்கள் மெல்ல மெல்ல வந்து கூடும். போதுமான எண்ணிக்கை கூடியதும் விரிசல் ஓர் அடி முன்வைக்கும், பின் நிற்கும், மறுபடியும் அணுக்கள் கூடும். ‘தாமத முறிவு’ என்று இதனை அழைப்பது பொருத்தமே.

இதுவரை சொன்னவை சாதாரண எஃகு பற்றியவை. என் ஆய்வு துருவேறா எஃகு பற்றியது. வடநாட்டு நண்பர்கள் வெறுமனே ‘ஸ்டீல்’ என்பதை நாம் எவர்சில்வர் என்று அழகாகப் பெயரிட்டு அழைக்கிறோமே, அதுவேதான். இரும்புடன் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் சேர்ந்தால், உலோகத்தின் முகத்தில் இரண்டு மூன்று நானோமீட்டர் கனமே உள்ள ஒரு குரோமிய ஆக்சைடுப் படலம் தானாகவே உண்டாகிறது. கீறினாலும் மீண்டும் மூடிக்கொள்கிறது. 304 என்ற எண்ணால் வழங்கும் வகையில் ஏறத்தாழ 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. 316 வகையில் மாலிப்டினமும் சேரும்.

படலம் ஹைட்ரஜனையும் ஓரளவு தடுக்கிறது. ஆனால் துருவேறா எஃகின் உண்மையான பாதுகாப்பு அதன் அணு அடுக்கிலேயே உள்ளது. சாதாரண எஃகில் இரும்பணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் நடுவிலும் அமர்ந்துள்ளன. இதற்கு ஃபெரைட் என்று பெயர். நிக்கல் போதுமான அளவு சேர்ந்த துருவேறா எஃகிலோ அணுக்கள் மூலைகளிலும் ஆறு முகங்களின் நடுவிலும் அமர்ந்துள்ளன. இதற்கு ஆஸ்டெனைட் என்று பெயர். இருவகை அடுக்கிலும் ஹைட்ரஜன் தங்கும் இடங்கள் வேறு வேறு. திருவிழாக் காலத்துச் சத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். படுக்க இடமில்லாத சிறு சிறு திண்ணைகள் பல நெருக்கமாக இருந்தால், வந்தவர் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் நகர்ந்துகொண்டே இருப்பார், ஃபெரைட் அத்தகையது. வசதியான அறைகள் இருந்து, அறைக்கு அறை செல்லும் வழி மட்டும் மிகக் குறுகலாக இருந்தால், நுழைந்தவர் எழுந்திருக்கவே மாட்டார், ஆஸ்டெனைட் அத்தகையது. அதில் ஹைட்ரஜன் அதிகமாகவும் கரையும்; நகர்வதோ மிக அரிது.

எவ்வளவு அரிது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது சுவையானது. அறைச் சூட்டில், தூய ஃபெரைட்டில் ஹைட்ரஜன் ஒரு மணி நேரத்தில் சில மில்லிமீட்டர் பரவிவிடும். ஆஸ்டெனைட்டில் அதே ஒரு மணியில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடச் செல்லாது. நான்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் எவர்சில்வர் கம்பியின் நடுவை ஹைட்ரஜன் எட்ட வேண்டுமானால், அறைச் சூட்டில் சுமார் அறுநூறு ஆண்டு ஆகும். விஜயநகர ஆட்சிக் காலத்திலே தொடங்கியிருந்தால் இப்போது முடிந்திருக்கும்! முந்நூறு டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடாக்கினால் அதே பயணம் ஒரு வாரத்தில் முடிகிறது. ஆகையால்தான் எங்கள் சோதனைக் கம்பிகளை முந்நூறு டிகிரியில் அழுத்தமிக்க ஹைட்ரஜனில் வைத்து ஏற்றுகிறோம். குளிர்ந்தபின் உள்ளே சென்றது உள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும்.

இதே மெதுவான ஓட்டத்திற்கு மறுபக்கமும் உண்டு. முலாம் பூசிய சாதாரண எஃகுப் போல்ட்டுகளை, பூசி முடித்த நான்கு மணி நேரத்திற்குள் அடுப்பிலிட்டு இருநூறு டிகிரி அளவில் பல மணி நேரம் சுட்டு ஹைட்ரஜனை விரட்டுவது தொழிற்சாலை வழக்கம். ஆஸ்டெனைட்டில் இந்த வைத்தியம் பலிக்காது. ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள ஹைட்ரஜனை அந்தச் சூட்டில் வெளியேற்றவே பதினைந்து நாளுக்கு மேலாகும்.

இவ்வளவு பாதுகாப்பு இருக்க, துருவேறா எஃகு நொறுங்குவது ஏன்? இங்கேதான் ஓர் உட்பகை வந்து சேர்கிறது. 304 போன்ற எஃகின் ஆஸ்டெனைட் அடுக்கு முழுதும் நிலைத்த ஒன்றன்று. நிக்கல் பிடித்து வைத்திருப்பதால் நிற்கிறது. அதை அறைச் சூட்டிலோ குளிரிலோ வளைத்தால், இழுத்தால், அழுத்தித் துளைத்தால், சிற்சில இடங்களில் அடுக்கு சட்டென்று மாறி, மார்ட்டென்சைட் என்ற வேறோர் அமைப்பாகிவிடும். அது ஃபெரைட்டின் உறவு; கெட்டியானது, காந்தத்தால் இழுக்கப்படுவது, ஹைட்ரஜனுக்கு அகன்ற சாலை போன்றது.

நம்பிக்கை இல்லாதோர் ஒரு சிறு காந்தத்தை எடுத்துக்கொண்டு விடுதிச் சமையலறைக்குச் செல்லலாம். எவர்சில்வர் டம்ளரின் தட்டையான அடிப்பாகத்தில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. விளிம்பருகே, தகடு மிகவும் இழுபட்ட இடத்தில், மெல்லிய இழுப்பு ஒன்று விரலுக்குத் தெரியும். அந்த இழுப்பே மார்ட்டென்சைட். (எல்லா இடத்திலும் பலமாக ஒட்டினால் அது நிக்கலே இல்லாத வேறு வகை எஃகு. மின்காந்த அடுப்புக்கான பாத்திரங்களின் அடியில் அதையே வைப்பார்கள். அதைக் கொண்டு என்னிடம் வாதத்துக்கு வர வேண்டாம்.)

ஆக, இழுபட்ட எவர்சில்வரினுள் இரண்டு நாடுகள் அருகருகே உள்ளன. ஒன்றில் ஹைட்ரஜன் ஏராளமாகத் தங்கியிருக்கிறது; நகர முடியவில்லை. மற்றொன்றில் தங்க இடமில்லை. ஓடுவதற்கு வழி இருக்கிறது. ஓர் ஆஸ்டெனைட் துணுக்கு மார்ட்டென்சைட்டாக மாறும் அந்தக் கணத்தில், அதில் கரைந்திருந்த ஹைட்ரஜன் அனைத்தும் திடீரென்று இடமற்றுப் போகிறது. விரிசல் முனையிலோ இழுவிசை மிகுதி. ஆகவே மாற்றமும் அங்கேதான் மிகுதி. விரிசல் தானே தன் முன்னால் சாலை போட்டுக்கொண்டு, அந்தச் சாலை வழியே தனக்கு வேண்டிய ஹைட்ரஜனையும் வரவழைத்துக்கொள்கிறது. இத்துறையில் நான் படித்தவற்றுள் இதைப் போல என்னைக் கவர்ந்தது வேறில்லை.

பாத்திரத் தொழிலில் இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 200 வரிசை எஃகுகள் நம் நாட்டில் பெருமளவில் பாத்திரங்களுக்குப் பயன்படுகின்றன. அவற்றில் 201 என்பதில் நிக்கல் மூன்றரை முதல் ஐந்தரைப் பங்கு வரைதான். இன்னும் குறைந்தனவும் உண்டு. இத்தகடுகளை ஆழமான பாத்திரமாக அழுத்தி இழுத்தால், அச்சிலிருந்து பழுதின்றி வெளிவந்த பாத்திரம் சில மணியோ சில நாளோ கழித்து, யாரும் தொடாமலே, விளிம்பிலிருந்து கீழ்நோக்கிப் பிளந்துகொள்வது உண்டு. விளிம்பில் உறைந்து நிற்கும் இழுவிசை ஒன்று, இழுத்தபோது உண்டான மார்ட்டென்சைட் இரண்டு, உருக்கும்போதே எஃகில் தங்கிவிட்ட சில மில்லிகிராம் ஹைட்ரஜன் மூன்று. மூன்றும் கூடினால்தான் பிளவு. ஒன்றை நீக்கினாலும் தப்பிக்கலாம்.

கடலடியிலும் இதன் உறவினர் ஒருவர் உண்டு. பாதி ஃபெரைட்டும் பாதி ஆஸ்டெனைட்டுமாக அமைந்த டூப்ளெக்ஸ் என்னும் துருவேறா எஃகினைக் கடலடி எண்ணெய்க் குழாய்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். பக்கத்திலுள்ள சாதாரண எஃகு அரிக்காதிருக்க அலுமினியத் துண்டுகளைத் தொங்கவிட்டு, அவை தாம் கரைந்து எஃகைக் காக்கும்படி ஏற்பாடு செய்வர். அந்த ஏற்பாட்டின் விளைவாக எஃகின் முகத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் பிறக்கின்றன. டூப்ளெக்ஸின் ஃபெரைட் பாதி அவற்றை வரவேற்கிறது. அரிப்புக்கு மருந்து, நொறுங்குமைக்கு விதை.

இனி, உள்ளே கூடிய ஹைட்ரஜன் உண்மையில் என்ன செய்கிறது என்ற கேள்வி. நூற்றைம்பது ஆண்டு ஆகியும் இதில் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. 1941இல் சாஃப்பே என்பவரும் அவருடைய தோழரும், நுண்குழிகளில் அணுக்கள் மீண்டும் மூலக்கூறாகி, அந்த வாயுவின் அழுத்தமே எஃகைப் பிளக்கிறது என்றார்கள். கொப்புளங்களுக்கு இது பொருந்தும், எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை. பின்னர் டிராயானோ, ஓரியானி முதலியோர், ஹைட்ரஜன் இரும்பணுக்களின் பிணைப்பையே தளர்த்திவிடுகிறது என்றனர். 1972இல் பீச்செம் இதற்கு எதிர்த்திசையில் ஒரு கருத்தை வைத்தார்: ஹைட்ரஜன் எஃகை இறுக்கவில்லை, உள்ளூர இளக்குகிறது. உலோகம் வளைவதெல்லாம் அணு வரிசைகளில் உள்ள கோணல்கள் நகர்வதால்தான். ஹைட்ரஜன் அக்கோணல்களை எளிதில் ஓடச் செய்து, வளைவு முழுவதையும் ஒரு சிறு பகுதியிலேயே குவித்துவிடுகிறது, அப்பகுதி கிழிகிறது, மற்ற பகுதி வளையாமலே நிற்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நொறுங்கியதுபோலத் தோன்றுகிறது. கேட்பதற்கு முரணாக இருந்தாலும், 1980களில் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிர்ன்பாமும் அவர் குழுவினரும் மின்னணு நுண்ணோக்கியினுள்ளேயே ஹைட்ரஜனைச் செலுத்திப் பார்த்தபோது, கோணல்கள் நகரத் தொடங்கின. வாயுவை வெளியேற்றியதும் நின்றன.

இரு கட்சியாரும் ஒருவர் கட்டுரையை ஒருவர் மறுத்து எழுதியவை மட்டுமே ஒரு நூலகத் தட்டை நிரப்பும். ஆஸ்டெனைட்டைப் பொறுத்தவரை இரண்டாம் கட்சியின் பக்கமே சான்று கூடுதல் என்பது என் கருத்து. முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால், தட்டையாகத் தோன்றும் இடங்களுக்கு அடியிலும் உலோகம் கடுமையாக வளைந்துள்ள தடயம் இருக்கிறது. ஆனால் கடைசியில் பிணைப்பு அறும் கணத்தில் முதற்கட்சி சொல்வதும் நிகழ்ந்தாக வேண்டும். முற்ற முற்ற இரண்டும் பகையல்ல, ஒரே செயலின் முன்பாதியும் பின்பாதியும் என்று பலரும் இப்போது எழுதத் தொடங்கியிருக்கிறார்கள்.

கட்சி பிரிவதற்குக் காரணம் ஒன்று உண்டு. ஹைட்ரஜன் எங்கே இருக்கிறது என்று நேரே பார்ப்பது மிகக் கடினம். ஒற்றை எலெக்ட்ரான் உடைய அணு, எக்ஸ் கதிருக்கும் மின்னணுக் கற்றைக்கும் ஏறக்குறைய இல்லாததற்குச் சமம். போதாக்குறைக்கு, எந்த வெற்றிடக் கருவியிலும் கொஞ்சம் ஹைட்ரஜன் எப்போதும் மிச்சமிருக்கும். காண்பது எஃகின் ஹைட்ரஜனா கருவியின் ஹைட்ரஜனா என்று பிரித்தறிய இயலாது. இதற்கு ஓர் உபாயம் கண்டார்கள். சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் இரட்டிப்பு எடையுள்ள டியூட்டீரியத்தை ஏற்றி, எஃகைக் கடுங்குளிரில் உறையவைத்து, ஊசிமுனையிலிருந்து அணு அணுவாகப் பிடுங்கி எண்ணினார்கள். இவ்வாறு 2017இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்தும் 2020இல் சிட்னியிலிருந்தும் வெளிவந்த ஆய்வுகளில், எஃகினுள் பொதிந்துள்ள நுண்ணிய கார்பைடு மணிகள் ஹைட்ரஜனைப் பொறிபோலப் பிடித்து வைத்துக்கொள்வது அணுவளவில் தெரிந்தது. அலைந்து திரியும் ஹைட்ரஜனே தீங்கு செய்வது; கட்டுண்டது அடங்கிக் கிடக்கும். ஆகவே பொறிகளை வேண்டுமென்றே வைத்து எஃகை வார்க்கலாம் என்ற நம்பிக்கை வலுப்பெற்றிருக்கிறது.

நாங்கள் செய்யும் சோதனை இவ்வளவு நுட்பமானதன்று. ஹைட்ரஜன் ஏற்றிய கம்பியை இரு முனையும் பிடித்து இழுக்கிறோம். முறிந்த இடத்தில் கம்பி எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்று அளக்கிறோம். நல்ல எவர்சில்வர் முறிவதற்கு முன் இடை சிறுத்துக் கூம்பாகும். ஹைட்ரஜன் ஏறியது அவ்வாறு ஒடுங்காது. இதில் உயிரானது வேகம். பொதுவாக உலோகத்தை ஓங்கி அடித்தால் உடையும், மெல்ல இழுத்தால் நீளும் என்பதே அனுபவம். இங்கோ தலைகீழ்! வேகமாக இழுத்தால் ஹைட்ரஜனுக்கு வந்து கூட நேரமில்லை. கம்பி நலமுடன் இருப்பதாகத் தேர்வில் வெற்றி பெற்றுவிடும். மெல்ல இழுத்தால்தான் குட்டு வெளிப்படும். இருபத்தைந்து மில்லிமீட்டர் நீளமுள்ள கம்பியை, பத்து லட்சத்தில் ஒரு பங்கு நொடிக்கு நீளுமாறு இழுத்தால், பாதி நீளம் கூடுவதற்கு ஏறக்குறைய ஆறு நாள் ஆகும். ஆறு நாளும் மின்சாரம் தடைப்படாமல் இருக்க வேண்டும் என்பதை இந்த வளாகத்தில் வாழ்வோர்க்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

இத்தனை பாடும் எதற்காக? மத்திய அரசு 2023 ஜனவரியில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. ஒதுக்கிய தொகை 19,744 கோடி ரூபாய். 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜன் ஆக்கும் திறன் வேண்டும் என்பது குறிக்கோள். ஆக்கினால் போதாது, சேர்த்துவைக்க வேண்டும், கொண்டுசெல்ல வேண்டும், வண்டிகளில் நிரப்ப வேண்டும். கார்களின் கலத்தில் அழுத்தம் 700 பார். நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ எழுநூறு மடங்கு. நிரப்பும்போது சூடேறாதிருக்க வாயுவை −40 டிகிரி வரை குளிர்விப்பதும் உண்டு. நிலையற்ற ஆஸ்டெனைட்டில் நொறுங்குமை மிகக் கடுமையாவது −50 முதல் −100 டிகிரி வரையுள்ள எல்லையில். அதற்கு வெகு அருகே நாமே சென்று நிற்கிறோம். இதைவிடக் குளிர்ந்தால் அச்சம் குறையும். நெல்லைச் சீமையில் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் ராக்கெட் எஞ்சின்களில் திரவ ஹைட்ரஜன் −253 டிகிரியில் பாய்கிறது. அந்தக் குளிரில் அணுக்கள் எஃகினுள் அசையவே மாட்டா. கேடு வருவது, நகரப் போதுமான சூடும் அடுக்கு மாறப் போதுமான குளிரும் ஒருங்கே அமையும் இடையெல்லையில்தான்.

அயல்நாட்டுத் தர விதிகள் இதற்குக் கண்ட வழி எளியது: நிக்கலைக் கூட்டு. 316எல் என்ற எஃகில் நிக்கல் 10 முதல் 14 பங்கு வரை இருக்கலாம். விலையை எண்ணிப் பெரும்பாலும் பத்தை ஒட்டியே உருக்குவார்கள். ஹைட்ரஜன் வண்டிகளுக்கு மட்டும் பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது என்று கேட்கிறார்கள். நல்லதுதான். ஆனால் நம் நாட்டில் குரோமியத் தாது ஒடிசாவின் சுகிந்தாப் பள்ளத்தாக்கில் கொட்டிக் கிடக்கிறது. மாங்கனீசு பாலாகாட்டிலும் பிற இடங்களிலும் கிடைக்கிறது. நிக்கலுக்கோ நாம் வெளிநாட்டைத்தான் எதிர்பார்த்திருக்கிறோம். ஆகவே மாங்கனீசு எஃகை ஹைட்ரஜனுக்கு ஏற்றதாக்க முடியுமா என்ற கேள்வி நமக்கே உரிய கேள்வி. பிறர் நமக்காக அதை ஆராய மாட்டார்கள். மாங்கனீசு என்றாலே ஆகாது என்று சொல்லிவிடவும் முடியாது. 21 பங்கு குரோமியம், 6 பங்கு நிக்கல், 9 பங்கு மாங்கனீசு கொண்ட ஓர் எஃகு, அமெரிக்காவில் ஹைட்ரஜனின் கதிரியக்க உடன்பிறப்பான டிரிஷியத்தை அடைத்துவைக்கப் பயன்பட்டிருக்கிறது. அதில் அடுக்கு நிலையானது. இழுத்தாலும் எளிதில் மாறாது.

201 எஃகு நொறுங்குவது அதில் உண்டாகும் மார்ட்டென்சைட்டாலா, அன்றி மாங்கனீசு மிகுந்த அந்த ஆஸ்டெனைட்டே ஹைட்ரஜனுக்கு இடங்கொடுப்பதாலா? இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே உருக்கில் வந்த கம்பிகளை இரண்டு கூறாக்கி, ஒரு கூற்றை அறைச் சூட்டிலும், மற்றதை நூறு டிகிரிக்குமேல் சூடாக்கியும், ஒரே அளவு முன்கூட்டி இழுத்து வைத்தால், முதற்கூற்றில் மார்ட்டென்சைட் நிறைய இருக்கும். வெம்மையில் அடுக்கு மாறாதாகையால் இரண்டாவதில் இராது. வேறு எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. பிறகு இரண்டையும் முந்நூறு டிகிரியில் ஹைட்ரஜன் ஏற்றி மெல்ல இழுத்துப் பார்ப்பது. முதற்கூறு மட்டும் முறிந்தால், ஆலைகள் தகட்டைச் சற்று வெம்மையாக்கி உருக்கொடுப்பதாலேயே பெரும்பகுதி தீங்கு விலகும். அதற்குச் செலவும் அதிகமில்லை. இரண்டும் ஒன்றுபோல முறிந்தால், உருக்கும் கலவையையே மாற்ற வேண்டும். நிக்கலை மீண்டும் கொஞ்சம் சேர்க்கவும் நேரலாம். முதற்கூற்றுக் கம்பிகளை இழுத்து, காந்தத்தால் அளந்து முடித்திருக்கிறேன். இரண்டாவது கூறு உலையின் முறைக்குக் காத்திருக்கிறது.